வீழ்ச்சியும் நிறுத்தமும்

தென்னை மரத்தின் உச்சியிலிருந்து முற்றிய தேங்காய் ஒன்றும், அதே மரத்தின் பன்னாடை ஒன்றும் ஒரே வேளையில் கழன்று விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். தேங்காய் நிலத்தை அறைந்து ஓய்ந்த பின்னரும் பன்னாடை காற்றிலே அசைந்தாடி இறங்கிக்கொண்டிருக்கும். இதனைக் காணும் எவரும், பாரமான பொருள் விரைந்து விழும், இலேசான பொருள் மெல்ல விழும் என்று முடிவு செய்வது இயல்பே. கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டோட்டிலும் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் அவ்வாறே முடிவு செய்தார். அவர் சொல்லே பிரமாணம் என்று கொண்டு, பல நூற்றாண்டுகளாகக் கல்விமான்களுட் பெரும்பாலோர் அதனை ஏற்றிருந்தனர்.

விழும் பொருள்களைப் பற்றி மக்கள் மனத்தில் வேரூன்றிய தவறான எண்ணங்கள் இரண்டு. பாரமானது விரைந்து விழும் என்பது ஒன்று. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்பதே அடியின் கொடுமையைத் தீர்மானிக்கிறது என்பது மற்றையது. முதலாவது தவற்றினால் எவருக்கும் பெருங்கேடு விளைவதில்லை. இரண்டாவது தவறோ உயிரோடு சம்பந்தப்பட்டது. ஆயினும் முதலாவதைத் தெளிந்தவர்க்கே இரண்டாவது எளிதில் விளங்குமாதலால், அதிலிருந்தே தொடங்குதல் முறையாகும்.

1586 ஆம் ஆண்டில், பிளெமிய நாட்டுக் கணித அறிஞராகிய சீமோன் ஸ்டெவின் என்பவர் ஒரு சோதனையை வெளியிட்டார். அவரும் அவர் நண்பரும் ஈயக் குண்டுகள் இரண்டை எடுத்தனர். ஒன்று மற்றையதைப் போலப் பத்து மடங்கு நிறையுடையது. இரண்டையும் ஏறக்குறைய 30 அடி உயரத்திலிருந்து ஒருமிக்கக் கைவிட்டனர். கீழே ஒரு பலகை கிடந்தது. அரிஸ்டோட்டிலின் கொள்கைப்படி பெரிய குண்டு பத்து மடங்கு விரைவாக வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஆனாற் பலகையிற் கேட்ட ஒலியோ ஒன்றே போல் இருந்தது.

இத்தாலிய நாட்டுக் கலிலியோ, இதனைச் சோதனையின்றி வெறும் தருக்கத்தினாலேயே காட்டினார். பாரமான கல்லொன்றையும் இலேசான கல்லொன்றையும் ஒரு கயிற்றினாற் பிணைத்து விழவிடுவதாகக் கொள்வோம். இலேசான கல் மெல்ல விழுவது உண்மையானால், அது பாரமான கல்லைப் பின்னுக்கு இழுக்கும். ஆகவே இரண்டும் சேர்ந்து, பாரமான கல் தனியே விழுவதிலும் மெல்ல விழ வேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்தால் நிறை இன்னும் கூடுகிறதன்றோ? ஆகவே அவை முன்னையிலும் விரைந்து விழ வேண்டும். ஒரே கொள்கையிலிருந்து ஒன்றுக்கொன்று முரணான இரு முடிவுகள் பிறக்குமாயின், அக்கொள்கை நில்லாது என்பதே பொருள். பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்திலிருந்து கலிலியோ குண்டுகளை விழவிட்டார் என்ற கதை பலரும் அறிந்ததே. அதனை எழுதி வைத்தவர் அவருடைய மாணவரான விவியானி. அது அவ்வண்ணமே நடந்ததா என்று வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர். ஐயத்துக்கு இடமில்லாதது யாதெனில், சாய்வான பலகையில் வெண்கலக் குண்டுகளை உருளவிட்டு, ஒழுகும் நீரைக் கொண்டு காலத்தை அளந்து, வீழ்ச்சியின் விதியை அவர் கண்டறிந்து 1638 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டமையாகும்.

அவ்விதி எளிமையானது. ஓய்விலிருந்து விழத் தொடங்கும் பொருள் ஒவ்வொரு செக்கனிலும், செக்கனுக்கு 9.8 மீற்றர் வீதம் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. இவ்வாறு வேகம் வளர்ந்து செல்வதையே பௌதிக நூலார் ஆர்முடுகல் என்பர். முதற் செக்கனில் அது ஏறக்குறைய 5 மீற்றர் விழும். இரண்டாம் செக்கனில் அதைப் போல மும்மடங்கும், மூன்றாம் செக்கனில் ஐம்மடங்கும் விழும். ஆகவே 20 மீற்றர் உயரமுள்ள தென்னையிலிருந்து விழும் தேங்காய் இரண்டே செக்கனில் நிலத்தை அடையும். அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர். அண்ணாந்து பார்த்து, விழுவது யாதென உணர்ந்து, விலகுவதற்குக் கிடைக்கும் காலம் அவ்வளவே.

பாரமான பொருளைப் பூமி வலிதாகத்தான் இழுக்கிறது. அவ்வாறிருந்தும் அது ஏன் முந்துவதில்லை? சுமையேற்றிய வண்டியைக் கவனித்தால் விடை கிடைக்கும். சுமை இரட்டித்தால் அதே வேகத்தில் வண்டியைக் கிளப்புவதற்கு இழுக்கும் மாடும் இரட்டிக்க வேண்டும். அதுபோலவே, திணிவு பத்து மடங்கான பொருளைப் பூமி பத்து மடங்கு விசையோடு இழுக்கிறது. ஆனால் அப்பொருளை அசைப்பதும் பத்து மடங்கு கடினம். கூடிய இழுப்பும் கூடிய கடினமும் சரிக்குச் சரியாகி விடுகின்றன. 1971 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 2 ஆம் நாள், அப்பலோ 15 விண்கலத்திற் சந்திரனுக்குச் சென்ற டேவிட் ஸ்கொட் என்பவர், அங்கே நின்று ஒரு கையிற் சுத்தியலும் மறு கையில் வல்லூற்றின் இறகும் ஏந்தி இரண்டையும் ஒருமிக்கக் கைவிட்டார். காற்றில்லாத அவ்விடத்தில் இறகும் சுத்தியலும் ஒன்றாகவே சந்திர மண்ணைத் தொட்டன.

ஆகவே பன்னாடையைத் தாமதிக்கச் செய்தது அதன் இலேசன்று, காற்றே. விழும் பொருளின் வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் கூடுகிறது. ஒரு நிலையிற் காற்றின் தடை பொருளின் நிறைக்குச் சமமாகிவிடும். அதன் பின் வேகம் கூடுவதில்லை. இதுவே முடிவு வேகம் எனப்படும். காற்று செய்யும் இந்தப் பேருதவியை மழைக்காலத்தில் எவரும் நினைப்பதில்லை. இரண்டு கிலோமீற்றர் உயரத்திலுள்ள மேகத்திலிருந்து காற்றின் தடையின்றி ஒரு மழைத்துளி விழுமாயின், அது மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் வந்து தாக்கும். மழை பெய்தாற் பயிரும் பிழையாது, பறவையும் பிழையாது. உண்மையிலோ பெருந்துளிகூடச் செக்கனுக்கு 9 மீற்றர் அளவிலேயே இறங்குகிறது.

உடல் சிறுத்த உயிர்களுக்கு இந்தப் பாதுகாப்பு மிகுதி. உருவம் மாறாமல் ஒரு பிராணியின் நீள அகல உயரங்கள் பத்திலொன்றாகக் குறைந்தால், அதன் மேற்பரப்பு நூறிலொன்றாகிறது, நிறையோ ஆயிரத்திலொன்றாகிறது. காற்றைத் தாங்கும் பரப்பு, நிறையை நோக்கப் பத்து மடங்கு கூடுகிறது என்பது கருத்து. இதனாலேயே கூரையிலிருந்து விழும் எறும்பு எழுந்து நடக்கிறது. ஆழ்ந்த சுரங்கக் குழியில் விழும் சுண்டெலி தப்பும், மனிதன் தப்பான், குதிரை சிதறும் என்பதை விஞ்ஞானி ஹால்டேன் 1926 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் விளக்கினார். மனிதனுடைய முடிவு வேகம் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர். தென்னை உயரத்திலிருந்து விழும் மனிதனுக்கோ தேங்காய்க்கோ காற்றினாற் கிடைக்கும் உதவி மிகச் சொற்பம்.

இனி இரண்டாவது தவற்றுக்கு வருவோம். "இருபது மீற்றர் உயரத்திலிருந்து விழும் தேங்காய் எவ்வளவு விசையோடு தாக்கும்?" என்று மாணவர் கேட்பதுண்டு. நியாயமான வினாவாகத் தோன்றும் இதற்கு விடை இல்லை. விழுகின்ற பொருளிடம் வேகம் உண்டு, சக்தி உண்டு. தாக்கும் விசை என்பதொன்றை அது தன்னோடு கொண்டு வருவதில்லை. அது எங்கே, எவ்வாறு, எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்தப்படுகிறது என்பதைச் சொன்ன பின்னரே விசையைக் கணக்கிட இயலும்.

இதனைக் கடனுக்கு ஒப்பிடலாம். ஒருவர் இருபது ஆண்டுக்காலம் சிறுகச் சிறுகக் கடன்படுகிறார். அத்தனையையும் இருபது ஆண்டிலே திருப்பிக் கொடுக்கலாமென்றால் அது பாரமாகத் தோன்றாது. ஒரே நாளிற் கட்ட வேண்டுமென்றாலோ குடும்பமே நொடிந்துவிடும். கடன் அதுவேதான், கட்டும் தவணையே வேறு. விழும் பொருளும் தான் விழுந்த தூரமெல்லாம் பூமியிடமிருந்து சக்தியைக் கடனாகப் பெற்று வருகிறது. அந்தச் சக்தி முழுவதையும் நிற்கும் தூரத்துக்குள் கழித்தாக வேண்டும். விழுந்த தூரம், நின்ற தூரத்தைப் போல எத்தனை மடங்கோ, ஏறக்குறைய அத்தனை மடங்காகும் நிறுத்தும் விசை, பொருளின் நிறையை நோக்க. கணிதம் அறியாதவரும் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய விதி இதுவே.

தேங்காயையே எடுத்துக்கொள்வோம். மட்டையோடு அதன் நிறை ஒன்றரைக் கிலோ. விழும் உயரம் 20 மீற்றர். அது ஆற்று மணலில் விழுந்து 20 சென்ரிமீற்றர் புதைந்து நின்றால், விழுந்த தூரம் நின்ற தூரத்தைப் போல நூறு மடங்கு. மணல் அதனைத் தாங்கிய விசை 150 கிலோ நிறைக்குச் சமம். அதே தேங்காய் ஒருவர் தலையிற் பட்டு 2 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் நிற்பதாயின், ஆயிரம் மடங்கு. விசை 1,500 கிலோ, அதாவது ஒன்றரைத் தொன் நிறைக்குச் சமம். உயரம் மாறவில்லை, தேங்காய் மாறவில்லை, வேகமும் மாறவில்லை. நின்ற தூரம் பத்திலொன்றாயிற்று. அடி பத்து மடங்காயிற்று. இதுவும் சராசரிக் கணக்கே. மோதலின் ஒரு கணத்தில் விசை இதனையும் மிஞ்சும்.

இது ஏட்டுக் கணக்கு மாத்திரமன்று. பப்புவா நியூகினி நாட்டில், மில்ன் பே மாகாணத்து வைத்தியசாலையிற் பணியாற்றிய பீற்றர் பார்ஸ் என்னும் மருத்துவர் 1984 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். நான்கு ஆண்டுகளிற் காயமுற்று அங்கே சேர்க்கப்பட்டோரில் நூற்றுக்கு 2.5 பேர், விழுந்த தேங்காயினால் அடிபட்டவர்கள். தலையிற் படும் அடி ஒரு தொன்னுக்கு மேற்பட்ட விசையுடையதாகலாம் என்று அவர் கணக்கிட்டிருந்தார். கிராமத்திலே அடிபட்ட இடத்திலேயே இருவர் உயிரிழந்ததையும் அவர் குறிப்பிட்டார். தென்னை நிழலிற் பிள்ளையைக் கிடத்துவதும், காய்த்த மரத்தடியிற் பாய் விரித்து உறங்குவதும் எத்துணை அபாயம் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

நிற்கும் தூரத்தை நீட்டினால் அடி தணியும் என்பதனைப் பௌதிகம் படியாத மக்களும் தங்கள் கைப்பழக்கத்தினால் அறிந்தேயிருக்கின்றனர். கிரிக்கெற் விளையாடும் சிறுவன் உயரத்திலிருந்து வரும் பந்தைப் பிடிக்கும்போது கைகளைத் தன் மார்பை நோக்கிப் பின்வாங்குகிறான். மதிலிலிருந்து குதிப்பவன் முழங்காலை மடித்து இறங்குகிறான். விறைத்த காலோடு குதித்தால் எலும்பு முறியும். மட்பாண்டங்களைச் சந்தைக்குக் கொண்டு செல்வோர் அவற்றிடையே வைக்கோலைத் திணிக்கின்றனர். இவர்கள் யாவரும் செய்வது ஒன்றே: கடனைக் கட்டும் தவணையை நீட்டுகின்றனர்.

இவ்வுண்மையை மனித உயிர்காக்கும் கலையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ஹியூ டிஹேவன். முதலாம் உலகப் போர்க் காலத்தில் விமானப் பயிற்சியில் ஈடுபட்டிருந்தபோது அவருடைய விமானம் இன்னொரு விமானத்தோடு மோதி விழுந்தது. பிழைத்தெழுந்த அவர், தம் வயிற்றினுள் நேர்ந்த கடுங்காயங்களுக்குக் காரணம் வீழ்ச்சியன்று, இருக்கைப் பட்டியின் கொளுக்கியே என்று கண்டார். அன்றிலிருந்து அவர் மனத்தில் ஒரு கேள்வி நிலைத்தது: ஒரே விபத்தில் ஒருவர் இறக்க மற்றவர் பிழைப்பது விதியினாலா, அன்றி அறியத்தக்க காரணத்தினாலா? 50 அடி முதல் 150 அடி வரையான உயரங்களிலிருந்து விழுந்தும் உயிர் தப்பியவர்களின் வரலாறுகளைத் தேடி ஆராய்ந்து, 1942 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். உழுது பண்படுத்திய தோட்டத்து மண் சில அங்குலம் தாழ்ந்து கொடுத்ததே ஓர் உயிரைக் காக்கப் போதுமானதாயிருந்தது. அடி ஓரிடத்திற் குவியாது உடல் முழுவதிலும் பரவினால், மிகக் குறுகிய கணத்துக்கு, தன் நிறையைப் போல இருநூறு மடங்கு விசையையும் உடல் தாங்க வல்லது என்று அவர் முடிவு கண்டார்.

அவ்வாய்வு வெளியான ஈராண்டில் அதற்கு ஒரு வியத்தகு சான்று கிடைத்தது. 1944 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து இரவொன்றில், ஜேர்மனிக்கு மேலே தீப்பற்றிய பிரித்தானிய விமானமொன்றிலிருந்து நிக்கலஸ் அல்க்மேட் என்ற படைவீரர், வான்குடை இன்றியே வெளியே குதித்தார். உயரம் 18,000 அடி. கீழே ஊசியிலை மரங்களின் கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து கொடுத்தன. அடியிற் கிடந்த பனி மிச்சத்தைத் தாங்கியது. அவருக்கு நேர்ந்தது காற்சுளுக்கும் சிறு காயங்களுமே. தெய்வச் செயல் என்று மக்கள் கூறினர். கூறுவதில் குற்றமில்லை, ஆனால் அந்தச் செயல் கிளை வழியாகவும் பனி வழியாகவும் நடந்தது என்பதை அறிவது பயனுடையது. ஏனெனில் அவ்வாறான கிளையையும் பனியையும் மனிதன் தானே ஆக்கிக்கொள்ளலாம்.

அவ்வாறு ஆக்கிக்கொண்டவையே இன்று மோட்டார் வாகனத்திலுள்ள பாதுகாப்புகள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் சென்று சுவரில் மோதுவது, 10 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். மோதும்போது வாகனத்தின் முன்புறம் அரை மீற்றர் நசுங்குகிறது என்று கொள்வோம். இருக்கைப் பட்டி அணிந்தவர் வாகனத்தோடு ஒன்றி, அந்த அரை மீற்றர் தூரத்தில் நிற்கிறார். அவர் மீது படும் விசை அவர் நிறையைப் போல 20 மடங்கு. பட்டி அணியாதவரோ முன்னே பறந்து, முகப்பிற் பட்டு 5 சென்ரிமீற்றரில் நிற்கிறார். அவருக்கு 200 மடங்கு. அதுவும் உடல் முழுவதிலும் பரவாமல் நெற்றியிலோ மார்பிலோ குவிகிறது. தோளையும் இடையையும் ஒருங்கே பிணைக்கும் மும்முனைப் பட்டியைச் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் நில்ஸ் போலின், வொல்வோ நிறுவனத்துக்காக 1959 ஆம் ஆண்டில் ஆக்கியளித்தார். விழுந்த தூரத்தை அது குறைப்பதில்லை. நிற்கும் தூரத்தை மாத்திரமே நீட்டுகிறது.

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்கவசமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. "சந்திவரைதானே போகிறேன், மெல்லத்தானே ஓட்டுகிறேன்" என்று சொல்லி அதனைக் கைப்பிடியிலே கொளுவிச் செல்வோர் பலர். அவர்கள் மறந்துவிடுவது ஒன்றுண்டு. வாகனம் நின்றுகொண்டிருக்கையிற் சரிந்து விழுந்தாலும், தலை ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து வீதியில் விழுகிறது. மண்டையோடு 3 மில்லிமீற்றருக்குள் நிற்பதாயின், அது ஐந்நூறு மடங்கு விசை. தலைக்கவசத்தினுள்ளே, பொருட்பெட்டிகளில் வரும் றெஜிபோம் போன்ற நுரைப்பொருள் ஒன்றுண்டு. அது 2 சென்ரிமீற்றர் நசுங்கிக் கொடுத்தால் அந்த ஐந்நூறு எழுபத்தைந்தாகிறது. வெளியோடு அடியைப் பரப்புகிறது. உள்நுரை அதனைத் தாமதப்படுத்துகிறது. நசுங்கிய நுரை மீண்டும் பழைய நிலைக்கு வருவதில்லையாதலால், ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே கீறலில்லாது தோன்றினும், மாற்றுதல் வேண்டும். நாடிப்பட்டியை இறுக்காதவருடைய கவசம் தலைக்கு முன்னரே கழன்றோடிவிடும். தாய் தந்தைக்கு நடுவே வெறுந்தலையோடு அமர்ந்து பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைக்கும் இக்கணக்கில் எந்தச் சலுகையும் கிடையாது. வேகம் வேறு, வீழ்ச்சி வேறு. மெல்லச் செல்பவரையும் பூமி அதே ஆர்முடுகலோடுதான் இழுக்கிறது.

இவ்வுண்மையை வீட்டிலும் தொழிலிடத்திலும் பயன்படுத்தலாம். காய்த்த மரங்களுக்கடியில் விளையாடுமிடமோ வண்டி நிறுத்துமிடமோ அமைத்தலாகாது. வளவில் தென்னையிருப்பின் முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் காலத்துக்குக் காலம் இறக்கிவிடல் வேண்டும். சிறுவர் ஊஞ்சலின் கீழே சீமெந்து பூசாது மணல் பரப்புதல் நன்று. முதியோர் நடமாடும் குளியலறையில் வழுக்காத தரையும் பிடிப்பதற்குக் கம்பியும் இருத்தல் நன்று. கட்டட வேலை நடக்குமிடத்தில், மேலே ஒருவர் கைதவறவிட்ட செங்கல் கீழே நிற்பவர்க்குச் செங்கல்லாக வந்து சேர்வதில்லை என்பதை மேற்பார்வையாளர் நினைவிற் கொள்ளல் வேண்டும். தளைநாரை மாத்திரம் நம்பிப் பனையேறும் சீவல் தொழிலாளிக்கு, உடலை மரத்தோடு பிணைக்கும் வலிய பட்டி ஒன்று கிடைக்கச் செய்தல், அவர் இறக்கித் தரும் பயனை நுகரும் சமுதாயத்தின் கடமையாகும். விழுந்த பின் நிற்கும் தூரத்தை நீட்டுவது இரண்டாம் வழி. விழும் தூரத்தையே குறுக்கிவிடுவது முதல் வழி.

பூமியின் இழுப்பை மாற்ற எவராலும் இயலாது. அது அறிவாளியென்றும் அறியாதவனென்றும், முதியவரென்றும் குழந்தையென்றும் பார்ப்பதில்லை. பாரத்துக்கும் இலேசுக்கும்கூட அது வேறுபாடு காட்டவில்லை என்பதையன்றோ கலிலியோ கண்டார். மனிதன் கையில் விடப்பட்டது மோதலின் கடைசிச் சில அங்குலங்களே. ஒரு பிடி மணலும், இரண்டு சென்ரிமீற்றர் நுரையும், ஒரு முழப் பட்டியும் அந்த அங்குலங்களை ஆக்கித் தருகின்றன. உயிருக்கும் இறப்புக்கும் இடையே பல வேளைகளில் இருப்பது அந்த அளவு தூரமே.